காலி ஜார்

எங்கள் கட்டடத்தில் ஆறு வீடுகள். எந்த வீட்டில் எது நடந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. அபாண்டம். ஐந்து வீட்டு விஷயம்தான் எனக்குத் தெரியும். ஆறாவது என் வீடு, அதை மற்றவர்கள் கவனித்துக்கொள்கிறார்கள்.

இருபத்தெட்டு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள் நான். அதனால் முகத்துக்கு நேரே 'எக்ஸ்சேஞ்ச் அத்தை', முதுகுக்குப் பின்னால் வெறும் 'எக்ஸ்சேஞ்ச்'. லைனில் பேசுவதைக் கேட்கக் கூடாது, கேட்டாலும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்பது அங்கே சட்டம். அந்தச் சட்டத்தை நான் ஒரே ஒரு விஷயத்தில்தான் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். அதைச் சொல்லத்தான் வருகிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்குப் பக்கத்து வீட்டு லேப் பெண் வேலையிலிருந்து திரும்பி வந்தாள். ஐந்தரைக்கு வர வேண்டியவள். சாப்பாட்டுப் பை கனமாக ஆடியது, ஆக, சாப்பிடவில்லை. வெள்ளைக் கோட்டைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கியிருந்தாள், ஆக, அதில் ஏதோ கறை. மேற்கொண்டு கணக்குப் போடுவதற்குள் பூட்டைத் திறந்துகொண்டே சொன்னாள்:

"அத்தை, கதவை முழுசா தொறந்தே பாருங்க. கழுத்து வலிக்கும்."

முப்பத்து மூன்று வயது. ரத்தப் பரிசோதனை செய்யும் லேபில் ஏழு வருடமாக வேலை. ஊசி ஏறியதே தெரியாது, அப்படி ஒரு கை. எங்கள் கட்டடத்தில் யாருக்கு ரத்தம் எடுக்க வேண்டுமென்றாலும் அவள் கைதான் வேண்டும் என்று அடம்பிடிப்பார்கள்.

அரை மணி நேரத்தில் அவள் அம்மா என் சமையலறையில் வந்து உட்கார்ந்தாள்.

"மறுபடியும் போட்டு ஒடச்சுட்டாளாம்க்கா."

"எத்தனை?"

"பதினாலு டியூபு. பதினாலு பேரோட ரத்தம். அத்தனை பேரையும் திரும்பக் கூப்பிட்டு, மன்னிப்பு கேட்டு, இன்னொரு தடவை குத்தணும். இதோட மூணாவது தடவை. எனக்கு இவளை என்ன பண்றதுன்னே தெரியல."

எல்லாம் புது மெஷின் வந்த பிறகுதான். ரத்தக் குழாய்களை வட்டமாக அடுக்கி வேகமாகச் சுற்றி, ரத்தத்தைத் தெளிய வைக்கும் மெஷின் அது. பழையது முனகிக்கொண்டே ஓடுமாம். புதியது கிளம்பும்போது இருபது விநாடி ஊளையிட்டுவிட்டுத்தான் அடங்குமாம். அந்த ஊளை தொடங்கியதும் இவள் கை தானாகத் திறந்துகொள்கிறது. கூப்பிட்டால் காது கேட்பதில்லை. இந்த முறை மேஜைக்கு அடியில், இரண்டு முழங்கையாலும் தலையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். லேப் மேனேஜர் மூன்று வாரம் தவணை கொடுத்திருந்தார். மனநல டாக்டரிடமிருந்து வேலைக்குத் தகுதி என்று கடிதம் வர வேண்டும். வராவிட்டால் அவளும் வர வேண்டாம்.

விஷயம் அன்று மதியமே மூன்று மாடிக்கும் ஏறிவிட்டது. நான்தான் ஏற்றினேன், ஒளிப்பானேன். ஆளுக்கு ஒரு வைத்தியம் இறங்கி வந்தது. இரண்டாம் மாடி டியூஷன் மாஸ்டர், "எல்லாம் போனைப் பார்த்துப் பார்த்து வர்றது" என்றார், போனைப் பார்த்துக்கொண்டே. மேல்மாடி எலக்ட்ரீஷியன், "மெஷின்ல எர்த் சரியா இருக்காது, லேசா ஷாக் அடிச்சிருக்கும்" என்றான். அவனுக்கு உலகத்தில் எல்லாத் துன்பமும் எர்த் சரியில்லாததால் வருவது. அவன் மனைவி, "ஒரு கல்யாணத்தப் பண்ணி வச்சா சரியாயிடும்" என்றாள். கல்யாணம் பண்ணிக்கொண்டு அவளுக்கு என்ன சரியானது என்று நான் கேட்கவில்லை. எனக்கும் நாகரிகம் உண்டு.

அடுத்த வாரம் லேப் பெண் டாக்டர் கொடுத்த ஒரு தாளோடு என் வீட்டுக்கு வந்தாள்.

"அத்தை, இதை நீங்க நிரப்பிக் குடுங்க. சின்ன வயசுல என்னைத் தெரிஞ்சவங்க எழுதணுமாம். அம்மா எழுதினதைப் பாருங்க."

'குழந்தைப் பருவத்தில் வீட்டுச் சூழல்' என்ற கேள்விக்கு எதிரே அவள் அம்மா குண்டு குண்டாக எழுதியிருந்தாள்: 'அன்பான குடும்பம். தகப்பனார் கண்டிப்பானவர். குழந்தை சாது. சத்தமே வராது.'

"இதுல என்ன குறை?" என்றேன்.

"அதான் எனக்கும் தெரியல. எனக்கு ஆறு வயசுலேருந்து பன்னெண்டு வரைக்கும் பெருசா ஒண்ணும் ஞாபகமே இல்ல அத்தை. ஸ்கூல் வாசல் ஞாபகம் இருக்கு. வீட்டுக்குள்ள வந்தா கரண்ட் போன மாதிரி. அப்பா அடிப்பாருன்னு தெரியும். எப்படின்னு கேட்டா சொல்ல வரல."

டாக்டர் சொன்னதை அவள் லேப் ரிப்போர்ட் படிக்கிற குரலில் எனக்குச் சொன்னாள். மூளையில் ஆபத்தைக் கண்டுபிடிக்கிற இடம் ஒன்று இருக்கிறதாம். பயப்படாதே என்று அதை அடக்குகிற இடம் இன்னொன்று. அது மெதுவாகத்தான் வளருமாம், இருபது வயதுக்கு மேலும் வளருமாம். எது எப்போது நடந்தது என்று ஞாபகத்தை அடுக்கி வைக்க வேறொரு இடம். வளர்கிற வயதில் தினம் தினம் பயந்தால் முதல் இடம் மட்டும் உடற்பயிற்சி செய்த மாதிரி பலத்துவிடுமாம். மற்ற இரண்டும் நோஞ்சானாக நின்றுவிடும். அடித்தவர் போய்ச் சேர்ந்த பிறகும் மூளைக்கு அந்தச் செய்தி போய்ச் சேராது.

எனக்கு இது சுலபமாகப் புரிந்தது. எங்கள் பழைய போர்டில் ஒரு லைனை இன்னொரு லைனோடு ஒயரைச் சொருகி இணைப்போம். பேசி முடித்ததும் ஒயரைப் பிடுங்க வேண்டும். பிடுங்காமல் ஆபரேட்டர் வீட்டுக்குப் போய்விட்டால் இணைப்பு அப்படியே நிற்கும்.

"டாக்டருக்கு ஒரே ஒரு விஷயம்தான் இடிக்குது," என்றாள். "அப்பாவோட குரல் மாதிரி யாராவது கத்தினா எனக்கு ஒண்ணும் ஆகறதில்ல. யாராவது கையை ஓங்கினாலும் ஒண்ணும் ஆகல. இந்த ஊளைச் சத்தத்துக்கு மட்டும் ஏன்? இது எங்கேருந்து வந்ததுன்னு தெரிஞ்சாத்தான் வைத்தியத்தை ஆரம்பிக்க முடியுமாம். அம்மா மிக்ஸி போட்டாக்கூட நான் மாடிக்குப் போயிடுவேன். ஆனா மிக்ஸியையே அப்பா போனப்புறம்தானே வாங்கினோம்."

மிக்ஸி என்றதும் தாளை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். நான் பேனாவை எடுத்தேன். என்ன எழுதினேன் தெரியுமா? 'தகப்பனார் கண்டிப்பானவர். மற்றபடி நல்ல குடும்பம். குழந்தை அமைதி.' கையெழுத்தையும் போட்டேன், ஆங்கிலத்தில், சுழித்து. ஊரில் யார் வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்பது வரை விளக்கமாகச் சொல்கிறவளுக்கு அன்று மூன்று வரிக்கு மேல் வரவில்லை.

நான்கே நாளில் தாள் திரும்பி வந்தது. எழுதியவர்கள் இரண்டு பேரும் நேரில் வர வேண்டும் என்று டாக்டர் சொல்லியனுப்பியிருந்தார். தவணையில் எட்டு நாள்தான் பாக்கி.

ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். டாக்டரம்மா சின்ன வயதுதான். கண்ணுக்குக் கீழே கருவளையம், மேஜையில் ஆறிப்போன டீ, பக்கத்தில் இடுப்பு உயரத்துக்குக் கோப்புகள். எங்கள் தாள்களை விசிறி மாதிரி ஆட்டினார்.

"இந்தக் 'கண்டிப்பு'ங்கற வார்த்தைய வச்சுட்டு நான் என்ன பண்ணறது? இன்னைக்குக் காலைலேருந்து நாலு பேர் இதையே எழுதிட்டு வந்திருக்கீங்க. வாரத்துல எத்தனை நாள்? கையாலயா, வேற எதாலயாவதா? எவ்வளவு நேரம்?"

"எல்லா வீட்லயும் நடக்கறதுதான் டாக்டர்," என்றாள் அம்மாக்காரி. "அவர் பஸ்ல டிக்கெட் செக்கர். எதையும் சரிபார்த்துப் பழக்கம். வீட்டுக்கு வந்தா நோட்டைப் பார்ப்பார், ஷூவைப் பார்ப்பார், தட்டுல மிச்சம் வச்சிருக்காளான்னு பார்ப்பார். தப்பு இருந்தா ரெண்டு போடுவார். நாங்கல்லாம் அடி வாங்காமயா வளர்ந்தோம்? பைத்தியமா ஆயிட்டோம்?"

"உங்களுக்குத் தூக்கம் எப்படிம்மா?"

"தூக்கமா? ரெண்டு மணி நேரம் வந்தா பெரிசு. வாசல்ல யாராவது வண்டியை நிறுத்தினா முழிப்பு வந்துடும், அப்புறம் படபடன்னு... அது பிரஷரு டாக்டர். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

டாக்டரம்மா அதையும் எழுதிக்கொண்டார். லேப் பெண் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ அழுதா நீங்க எங்க இருப்பீங்க?"

"அவ அழ மாட்டா. அழுதா இன்னும் விழும்னு தெரியும்." அம்மாக்காரி முந்தானையை விரலில் சுற்றினாள். "நான் சமையல்கட்டுல இருப்பேன். குழாயைத் தொறந்து விட்டுடுவேன்."

"எதுக்கு?"

"பாத்திரம் கழுவ."

அந்த இடத்தில்தான் என்னால் முடியவில்லை. அவள் பாத்திரம் கழுவவில்லை என்பது எனக்குத் தெரியும். காலியாக ஓடுகிற குழாய்க்கும் பாத்திரத்தில் விழுகிற குழாய்க்கும் வித்தியாசம் தெரியாத காதா இது? சுவருக்கு இந்தப் பக்கம் நானும் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன்.

"டாக்டர், அந்தச் சத்தம் என்னோடது," என்றேன்.

மூவரும் என்னைப் பார்த்தார்கள். எக்ஸ்சேஞ்ச் வாயைத் திறந்தால் அடைக்க முடியாது என்று பெயர். அன்று ஒவ்வொரு வார்த்தையாகப் பிடுங்க வேண்டியிருந்தது.

செக்கர் ஆறரை மணிக்கு வருவார். ஸ்கூட்டருக்கு ஸ்டாண்ட் போடுகிற சத்தத்திலேயே அன்றைய நிலவரம் தெரிந்துவிடும். மெதுவாகப் போட்டால் பிள்ளை தப்பித்தது. உதைத்துப் போட்டால் இல்லை. எனக்கும் அவர்களுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். பெல்ட் சத்தம் கேட்கும். எண்ணினால் எண்ணலாம். கேட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை, போய்த் தடுக்கத் தைரியமும் இல்லை. அதனால் மிக்ஸியைப் போடுவேன். பழைய மிக்ஸி, கிளம்பும்போது ஊரையே கூப்பிடும். முதலில் அடி விழத் தொடங்கியதும்தான் போட்டேன். அப்புறம் பழகிவிட்டது. ஸ்டாண்டை உதைக்கிற சத்தம் வந்தாலே போய்ப் போட்டுவிடுவேன். அவர் வாசலுக்கு வருவதற்குள் என் மிக்ஸி ஓடிக்கொண்டிருக்கும்.

"என்ன அரைப்பீங்க?" என்றார் டாக்டரம்மா.

"ஒண்ணும் இல்ல. காலி ஜார்."

"எத்தனை வருஷம்?"

"பதினாறு வயசுல இவ ஹாஸ்டலுக்குப் போற வரைக்கும். அந்த வருஷமே மோட்டாரும் போயிடுச்சு."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். லேப் பெண்ணின் பக்கம் திரும்பி, முதல் தடவையாக அவசரமில்லாமல் பேசினார். "அடி விழறதுக்கு முன்னால தினமும் இந்தச் சத்தம் வந்திருக்கு. உங்க மூளை அதைப் படிச்சு வச்சிருக்கு. ஆறு வயசுக் குழந்தை தன்னைக் காப்பாத்திக்க அதைவிட நல்லா என்ன செய்ய முடியும்? நீங்க ஒடஞ்சு போனவங்க இல்ல. ரொம்ப நல்லாப் படிச்ச மூளை. இப்போ வேற பாடம் சொல்லித் தரணும். முடியும், ஆனா நாளாகும்."

லேப் பெண் அவர் சொன்னதைக் கேட்டாளா என்றே தெரியவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஊளை என் தலைக்குள்ள வர்றதுன்னு நெனச்சிருந்தேன் அத்தை," என்றாள். "எனக்குத்தான் பைத்தியம்னு. அதை யார்கிட்டயும் சொன்னதே இல்ல. அது நெஜமான சத்தமா?"

"நெஜம்தான்மா."

"அப்போ உங்களுக்குக் கேட்டிருக்கு."

ஆபரேட்டராக இருந்த காலத்தில் பதில் தெரியாத கேள்விக்கு 'லைன் கிடைக்கவில்லை' என்று சொல்லித் தப்பித்துவிடலாம்.

கடிதம் கிடைத்தது. வேலைக்குத் தகுதி உண்டு, இரண்டு மாதம் அந்த மெஷின் பக்கம் நிறுத்த வேண்டாம் என்று எழுதியிருந்தார். மேனேஜர் மூக்கால் அழுதுகொண்டே அவளை ரத்தம் எடுக்கிற மேஜைக்கு மாற்றினார். இரண்டு மாதம் முடிந்த மறுநாள் அவள் மெஷின் பக்கத்தில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்களாம்.

ஆனால் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஒன்பது நாள். கதவிடுக்கில் பார்த்தால் ஒரு கிண்டல்கூட இல்லை, பூட்டைத் திறந்து உள்ளே போய்விடுவாள். அவள் அம்மாவோ வேறு விதமாக ஆரம்பித்தாள். தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நின்று எல்லார் காதிலும் விழும்படி, "வீட்டு விஷயத்தை ஆஸ்பத்திரில போய்க் கொட்டினவங்க இருக்காங்களே" என்றாள். அங்கே நின்ற டியூஷன் மாஸ்டரைக் கேட்டேன், "சார், அப்போல்லாம் ஆறரை மணி ஆனா உங்க பசங்களை எதுக்கு வாய்ப்பாட்டைக் கத்திச் சொல்ல வச்சீங்க?" என்று. "கணக்குன்னா சத்தமாச் சொன்னாத்தான் மனசுல நிக்கும்," என்றார். முகம் மட்டும் செங்கல் நிறமாகிவிட்டது. நினைத்துப் பார்த்தால் ஆறரை மணிக்கு எங்கள் கட்டடம் ஒரு தொழிற்சாலை மாதிரி ஓடியிருக்கிறது. குழாய், வாய்ப்பாடு, மிக்ஸி. ஆறு வீட்டில் ஒரு வீட்டுக் கதவைத் தட்ட ஆள் இல்லை. தட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? செக்கர் என்னையும் நாலு வார்த்தை கேட்டிருப்பார். அவ்வளவுதான். அந்த நாலு வார்த்தைக்குப் பயந்து பத்து வருடம் காலி ஜாரை ஓட்டியிருக்கிறேன். இதை நினைத்தால் வருகிற எரிச்சலை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் பால் பாத்திரத்தை அடுப்பில் ஓங்கி வைத்தேன்.

பத்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, அவளே வந்தாள்.

"அந்த மிக்ஸி இருக்கா?"

"பரண்ல கெடக்கு. மோட்டார் கருகிப் போச்சு."

"எடுங்க. எனக்கு அந்தச் சத்தம்தான் வேணுமாம். தூரத்துலேருந்து ஆரம்பிச்சு, நானே போட்டு, நானே நிறுத்திப் பழகணும். சுவிட்சு என் கைல இருக்கணும். டாக்டர் முதல்ல அவங்க முன்னாடி போன்ல பதிவு பண்ணின சத்தத்தை வச்சுப் பழக்கினாங்க. இப்போ வீட்ல செய்யலாம்னு சொல்லிட்டாங்க."

எலக்ட்ரீஷியன் ஒரு நாள் முழுக்க அதைப் பிரித்துப் போட்டு மாட்டினான். "இதுக்கு எர்த்தே இல்ல அத்தை, இத்தனை வருஷம் எப்படி ஓட்டினீங்க?" என்றான். அவன் கட்சி ஜெயித்த சந்தோஷம் அவனுக்கு.

அன்றிலிருந்து வாரம் நான்கு நாள். முதலில் மிக்ஸி சமையலறையில், அவள் வாசலில், நீளமான ஒயரில் தொங்குகிற சுவிட்சோடு. போட்டதும் நிறுத்திவிட்டாள். ஒரு விநாடி. மறுநாளும் ஒன்று. ஒரு வாரம் கழித்து மூன்று. அப்புறம் திரும்ப ஒன்று. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"நேத்து மூணு வந்துதே, இன்னைக்கு ஏன் இறங்கிடுச்சு?"

"இதென்ன லிஃப்டா அத்தை, ஏறிக்கிட்டே இருக்க?"

"சும்மா கேட்டேன்."

"நீங்க எதையும் சும்மா கேக்க மாட்டீங்க. கேக்க வேண்டிய நாள்ல மட்டும்தான் கேக்கல."

சொல்லிவிட்டு மறுபடி சுவிட்சைப் போட்டாள். அன்று ஐந்து.

ஆறாவது வாரம் சமையலறைக்குள்ளேயே வந்து நின்றாள். ஒரு கையில் சுவிட்சு. இன்னொரு கையில் கண்ணாடிக் குழாய் ஒன்று, லேபிலிருந்து கொண்டுவந்தது, உள்ளே பச்சைத் தண்ணீர். லேப் மெஷின் ஊளையிடுகிற அதே இருபது விநாடியும் அது கீழே விழக் கூடாது. நான் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று விரல் விட்டு எண்ண வேண்டும். சத்தமாக எண்ணக் கூடாது, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே எண்ண வேண்டும், இது அவள் போட்ட நிபந்தனை. சாயங்காலம் ஆறரை மணி என்பதும் அவள் முடிவுதான்.

போட்டாள். மிக்ஸி பழைய குரலில் ஊளையிட்டது. அவள் கழுத்து நரம்பு புடைத்தது. குழாயில் பச்சைத் தண்ணீர் நடுங்கியது. ஆறு, ஏழு. கண்ணை மூடவில்லை. என்னையே பார்த்தாள். நான் பார்வையைத் திருப்பப் பார்த்தேன், திருப்பவில்லை. பத்து. பதினொன்று.

பன்னிரண்டுக்கு விரலை மடக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் டிவி அலறியது. யாரோ செய்தி வாசிக்கிறார்கள், காது கிழிகிற சத்தத்தில். அவள் அம்மா ரிமோட்டை எடுத்து, ஏற்றக்கூடிய மட்டும் சத்தத்தை ஏற்றிவிட்டாள்.

லேப் பெண் சுவிட்சை அணைத்தாள். குழாய் கையில்தான் இருந்தது. சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்ததா, அழுகையா, எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியாத விஷயம் இந்தக் கட்டடத்தில் அது ஒன்றுதான்.

"இன்னும் எட்டு செகண்டு இருக்கு அத்தை," என்றாள்.

"இரு, வரேன்."

செருப்புக்கூடப் போடாமல் வெளியே போனேன். நாலடி தூரம்தான். பக்கத்து வீட்டுக் கதவை உள்ளங்கையால் தட்டினேன். திறக்கவில்லை. இரண்டு கையாலும் தட்டினேன். இரண்டாம் மாடியில் மாஸ்டர் எட்டிப் பார்த்தார், பார்க்கட்டும். கதவு திறந்தது. ரிமோட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அம்மாக்காரி நின்றாள். கண் சிவந்திருந்தது.

"என்ன இப்போ?" என்றாள்.

"டிவியைக் கொறைச்சுட்டு வந்து உக்காரு. உன் பொண்ணு இருபது வரைக்கும் போகணும்."

"என்னால அந்தச் சத்தத்தைக் கேக்க முடியாதுக்கா."

"எனக்கும்தான் முடியல. வா, சேர்ந்து கேப்போம்."

அவள் அசையவில்லை. ஆனால் ரிமோட்டை என் கையில் கொடுத்தாள். நான் அணைத்தேன். பிறகு அவள் வீட்டு வாசலிலும் என் வீட்டு வாசலிலுமாக இரண்டு கதவையும் அகலத் திறந்து வைத்துவிட்டு, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தேன்:

"போடும்மா!"